சும்மா கிடக்கிற பற்றறி

குளிர்காலத்தில் அப்பா இணுவிலிலிருந்து ஃபோன் எடுத்தால் முதல் கேள்வி ஒன்றுதான். “இண்டைக்கு எவ்வளவு காட்டினது?”

எனக்குச் சுகமா, மகள் பள்ளிக்கூடம் போனாளா என்பதெல்லாம் பிறகு. “பன்னிரண்டு தசம் ஆறு எட்டு அப்பா. கூடுதலா எல்லாம் அதுக்குக் கிட்டத்தான் நிக்குது” என்பேன். “நல்லது, நல்லது” என்பார். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் விசாரிப்பது முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய படகில் இருந்து கழற்றிய பற்றறியை. அந்தப் படகை அவர் கண்டதில்லை. அது நிற்கிற ஒன்ராறியோ ஏரிக்கரையையும் கண்டதில்லை.

பேட்டரி என்றுதான் இப்போது பலரும் எழுதுகிறார்கள். மின்கலம் என்று படித்தும் இருக்கிறேன். எனக்கு வாயில் வருவது பற்றறி, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏரியின் வடகரையில் உள்ள சிறிய படகுத்துறை ஒன்றில் வேலை செய்கிறேன். இது எட்டாவது குளிர்காலம். கோடையில் அடிப்பாகம் கழுவுவது, பெயின்ற் அடிப்பது, ஃபைபர் ஒட்டுவது என்று ஏழெட்டுப் பேருக்கு வேலை இருக்கும். ஒக்ரோபர் இரண்டாம் திங்கள் நன்றி நவிலல் விடுமுறை. அது முடிந்ததும் படகுகளைக் கரையேற்றத் தொடங்குவோம். இரண்டு பட்டைகளில் படகைத் தூக்கி நடக்கிற ஒரு பெரிய வண்டி இருக்கிறது. மாத முடிவுக்குள் தொண்ணூறு படகுகள்வரை மரக்கட்டைகளிலும் இரும்புத் தாங்கிகளிலும் ஏறி, வெள்ளைப் பிளாஸ்ரிக் போர்த்திக்கொண்டு வரிசையாக நிற்கும். பிறகு எல்லோரும் போய்விடுவார்கள். மிஞ்சுவது நானும் மெக்கானிக்கும்தான்.

இங்கே ஒரு உல்லாசப் படகு தண்ணீரில் இருப்பது வருடத்தில் ஐந்தரை மாதம், மிச்சமெல்லாம் கரையில். நாங்கள் பார்ப்பது படகுத் தொழிலா, படகைச் சும்மா வைத்திருக்கிற தொழிலா என்று சில நேரம் யோசிப்பேன். சொந்தக்காரர்கள் எஞ்சினில் உள்ள தண்ணீரை வடித்து, உறையாமல் இருக்க அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஓடவிட்டு, மெத்தைகளை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். எல்லாம் முடிந்தது என்று கதவைப் பூட்டுவார்கள். பற்றறி யாருக்கும் ஞாபகம் வராது. அது பெட்டிக்குள், ஏணிப்படிக்குக் கீழே, கை எட்டாத ஒரு மூலையில் இருக்கும். சத்தம் போடாது, மணக்காது. மே மாதம் திறப்பைத் திருகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அப்போதுதான் ஞாபகம் வரும்.

மெக்கானிக் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். அறுபதைத் தாண்டியவர். வேலைக்குப் போன முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, 1986 ஓகஸ்ரில் எங்கள் தீவுக்குப் பக்கத்துக் கடலில் உங்கள் ஆட்களைத்தானே எடுத்தோம் என்றார். இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தமிழர்கள் மூடுபனிக்குள் மிதந்து, மீனவர்களால் காப்பாற்றப்பட்ட கதை அது. அப்போது எனக்கு ஒரு வயது. அவர் இளம் பிள்ளை. எடுத்தது அவரில்லை, யாரோ. ஆனாலும் ‘எடுத்தோம்’ என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு இதைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை. நேராகப் பற்றறிக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கொட்டகைக்குள் வெளியில் இருக்கிற அளவுக்குக் குளிர். ஒரு ஹீற்றர்கூட இல்லை. பற்றறிகளைச் சூடான இடத்தில் வைக்க வேண்டாமா என்று கேட்டேன். எல்லோரும் கேட்கிற கேள்வி இது. வீட்டுக்குக் கொண்டுபோகிற சொந்தக்காரர்களும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில், குழந்தையைப் போலக் கதகதப்பாக வைத்துவிட்டுத் திருப்தியோடு இருப்பார்கள். உண்மையில் அது அதற்குச் செய்யும் கெடுதல்.

பற்றறிக்குள் நடப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே செய்த அதே வேலைதான் இன்றுவரை. ஒரு பக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈய ஒக்சைட் தகடு, நடுவில் தண்ணீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்பேற்றாக மாறும். அதற்கு வேண்டிய சல்பேற்றை அமிலம் கொடுக்கும், கொடுத்துக் கொடுத்துத் தான் தண்ணீராகிப் போகும். சார்ஜ் போட்டால் எல்லாம் பழையபடி திரும்பும்.

இதில் இருந்துதான் குளிர்காலக் கணக்கு முழுதும் வருகிறது. நிரம்பிய பற்றறிக்குள் இருப்பது கெட்டியான அமிலம். அது உறைய -50 டிகிரிக்கும் கீழே போகவேண்டும். ரொறன்ரோவில் அப்படி ஒரு குளிர் வருவதில்லை. பாதி வடிந்தது -20ஐத் தாண்டினால் ஆபத்து. முழுதாக வடிந்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான், -7, -8இலேயே கட்டியாகிவிடும். ஆக, பற்றறிக்குக் குளிர் எதிரி இல்லை. வெறுமையாகக் குளிருக்குள் நிற்பதுதான் எதிரி. நிரப்பி வைத்தால் குளிர் நல்லது. ஒன்றும் இணைக்காவிட்டாலும் பற்றறி உள்ளுக்குள் தானாக வடிந்துகொண்டேயிருக்கும், சூட்டில் வேகமாக, குளிரில் மெதுவாக. பத்து டிகிரி குறைந்தால் வடிகிற வேகமும் ஏறக்குறைய பாதியாகும். அதனால்தான் கொட்டகையில் ஹீற்றர் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வடிந்த பற்றறியை அப்படியே விட்டால், தகட்டில் படிந்த சல்பேற் முதலில் மாவு மாதிரி மெல்லியதாக இருக்கும், உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். வாரங்கள் போகப் போக அது பெரிய பளிங்குகளாக இறுகும். இறுகியதை எந்த சார்ஜரும் முழுதாகத் திருப்ப முடியாது. பழைய பற்றறியின் மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பார்த்தால் தகடு வெள்ளை பூத்திருக்கும். அந்த வெள்ளையை நான் கொட்டகையில் முதன்முதல் பார்த்தபோது, எனக்கு அது புதிதாக இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வேலை எப்படி என்றால், நவம்பருக்குள் எங்களிடம் ஒப்படைத்த எல்லாப் படகிலிருந்தும் பற்றறிகளைக் கழற்றவேண்டும். ஒரு படகில் குறைந்தது இரண்டு: எஞ்சின் ஸ்ரார்ற் பண்ண ஒன்று, விளக்கு, குளிர்பெட்டிக்கு ஒன்று. பாய்மரப் படகுகளில் கோல்ஃப் வண்டிக்குப் போடுகிற ஆறு வோல்ட் பற்றறிகளைச் சோடி சோடியாகப் பூட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குக் கிட்ட. அதைத் தூக்கிக்கொண்டு பனி படிந்த ஏணியில் பின்பக்கமாக இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். கழற்றுமுன் ஃபோனில் ஒரு படம் எடுக்கவேண்டும், எந்த வயர் எங்கே என்று மே மாதம் சண்டை வராமல் இருக்க. முதலில் மைனஸ், பிறகு பிளஸ். பூட்டும்போது மைனஸ் கடைசி.

இதைச் சொன்னபோது அப்பாவுக்கும் எனக்கும் இரண்டு நாள் தர்க்கம். “பிளஸ்ஸைத்தான் முதல்ல கழட்டுறது. உனக்கு ஆர் படிப்பிச்சது?” என்றார். அப்பா இணுவிலில் வாடகைக் கார் ஓடியவர். ஒஸ்ரின் ஏ40 சமசெற். பிறகுதான் எனக்கு வெளித்தது, அந்தக் கால இங்கிலாந்துக் கார்களில் பொசிற்றிவ்தான் ஏர்த். உடம்போடு பூட்டியிருப்பது பிளஸ் முனை. உடம்புப் பக்கத்தை முதலில் கழற்று என்பதுதான் விதி; சாவி தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. அவரும் சரி, நானும் சரி. இப்படி இரண்டு பேரும் சரியாக இருந்த சந்தர்ப்பங்கள் எங்களுக்குள் அதிகம் இல்லை.

கழற்றியதை அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் துடைப்போம். மேல்மூடியில் ஊத்தையும் ஈரமும் சேர்ந்திருந்தால் அதன் வழியாகவே இரண்டு முனைகளுக்கும் நடுவில் மெல்லிய கசிவு ஓடும். பிறகு சார்ஜ். நிறைந்தபின் காய்ச்சி வடித்த தண்ணீர் விடுவோம், அமிலம் ஒருபோதும் இல்லை. சார்ஜுக்கு முன்னரே விட்டால் பொங்கி வழியும், தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூடும் அளவுக்கு முன்கூட்டி விடலாம். ஒரு இரவு ஆறவிட்டுத்தான் அளக்கவேண்டும். சார்ஜரில் இருந்து எடுத்த உடன் மீற்றர் காட்டுவது மேல்பூச்சு, நம்பக்கூடாது. ஆறின பிறகு 12.6க்கு மேலே நின்றால் நல்லது. 12.4க்கு இறங்கினால் திரும்ப சார்ஜ். ஹைட்ரோமீற்றரை விட்டு அறை அறையாகவும் பார்ப்போம். ஆறு அறையும் 1.265ஐச் சுற்றி நின்றால் வடிவு. ஒரு அறை மட்டும் ஐம்பது புள்ளி கீழே நின்றால் அந்தப் பற்றறியின் சொந்தக்காரருக்கு இப்போதே ஒரு மின்னஞ்சல் எழுதலாம்.

லிதியம் பற்றறிகள் வருகிற படகுகளும் கூடிக்கொண்டு வருகின்றன. அதன் குணம் நேர்மாறு. நிரப்பி வைக்காதே, பாதியில் வை, உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடவே போடாதே. பெட்டிக்குள்ளேயே ஒரு மூளை இருந்து அதைப் பார்த்துக்கொள்ளும். மெக்கானிக் அதைத் தொடமாட்டார். “அதுக்கு நான் தேவையில்லை” என்பார். கொஞ்சம் கோபத்தோடுதான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொப்பியோடு ஒரு சுற்று. இலக்கம், திகதி, வோல்ட். அவ்வளவுதான். நூற்றைம்பது பற்றறி, ஒரு காலை. படகிலேயே சார்ஜரைப் பூட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. பிளாஸ்ரிக் போர்த்திய படகுக்குள் ஆளில்லாமல் சார்ஜர் ஓடினால் என்ன நடக்கும் என்று காப்புறுதிக்காரருக்குத் தெரியும். சார்ஜ் ஆகும்போது ஐதரசன் வரும், காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் இங்கே அது தடை.

முதல் குளிர்காலத்தில் நான் செய்ததை எழுதவேண்டும்.

பின் வரிசையில் கடைசியாக ஒரு முப்பதடிப் பாய்மரப் படகு. அன்றைய பட்டியலில் அதுதான் கடைசி. நவம்பர் இருபதுக்குப் பிறகு ஒரு நாள், நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஏணிப்படியில் கண்ணாடி மாதிரி ஐஸ். ஏறினேன். மெயின் சுவிச் ‘ஓஃப்’இல் இருந்தது. பற்றறி இரண்டும் மோட்டார்ப் பெட்டிக்குப் பின்னால், படுத்துக்கொண்டு கையை விட்டால்தான் எட்டும். மீற்றரை வைத்தேன், 12.5. சுவிச்சும் ஓஃப், நாளைக்கு எடுக்கலாம் என்று இறங்கினேன். கொப்பியில் ‘சரி’ என்று எழுதினேன். நாளைக்கு வேறு வேலை வந்தது. கொப்பியில் ‘சரி’ என்று இருப்பதை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

எனக்கு அப்போது தெரியாதது ஒன்று. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பம்ப்பை மெயின் சுவிச்சுக்குக் கீழே பூட்டுவதில்லை. நேராகப் பற்றறியில் பூட்டுவார்கள். சொந்தக்காரர் சுவிச்சை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாலும், துறையில் கட்டியிருக்கிற படகு மூழ்கக்கூடாதே. நல்ல யோசனைதான், தண்ணீரில் இருக்கும்போது. இந்தப் படகுக்குப் பாய்மரத்தைக் கழற்றாமல் கரையேற்றியிருந்தார்கள். மரம் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிற இடத்தில் எப்போதும் கொஞ்சம் கசியும். டிசம்பர் மழை முழுதும் மரத்தின் வழியாக இறங்கியது. மிதவை எழும்பும், பம்ப் ஓடும், நிற்கும். திரும்ப எழும்பும். கடைசி வோல்ட் வரைக்கும் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஜனவரியில் இரண்டு கிழமை -20ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. பெப்ரவரியில் சொந்தக்காரி ஏதோ எடுக்க வந்து, கதவைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பற்றறி இரண்டும் கர்ப்பிணி வயிறு மாதிரி ஊதியிருந்தன. ஒன்றின் பக்கச்சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. வெடிப்புக்குள் சாம்பல் நிற ஐஸ். சார்ஜ் போட்டுப் பார்ப்போமா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். மெக்கானிக் என் கையில் இருந்த வயரை வாங்கிக் கீழே வைத்தார். உறைந்த பற்றறிக்குச் சார்ஜ் போட்டால் வெடிக்கும், முகத்தில் அமிலம் அடிக்கும் என்றார். குரலை உயர்த்தவில்லை. கொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். நான் எழுதின ‘சரி’யைக் காட்டி, இது என்ன அளவு என்று கேட்டார். இத்தனை வோல்ட் என்று எழுது, சரி என்று எழுதாதே என்றார்.

அந்த அம்மா பெருந்தன்மையானவர். படகு அவருடைய இறந்துபோன கணவரின் படகு என்பதும், அதை அந்த வருடம் விற்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. ஐஸ் உருகுமுன் பற்றறிகளைத் தூக்கி, சிந்தின இடத்தில் அப்பச்சோடாவைக் கொட்டி, நுரை அடங்கும் வரைக்கும் கழுவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் முழங்காலில் நின்றேன். பலகை கொஞ்சம் கறுத்துப்போய்விட்டது. இன்றும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அவர் படகை விற்கவில்லை. ஒவ்வொரு நவம்பரும் முதலாவதாகக் கழற்றுவது அந்தப் படகின் பற்றறிகளைத்தான்.

அன்று இரவு அப்பாவோடு கதைத்தபோது இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. நாங்கள் அதுவரைக்கும் ஃபோனில் இரண்டு நிமிடத்துக்கு மேல் கதைத்ததில்லை. “சாப்பிட்டியோ, குளிரோ, அம்மாட்டக் குடுக்கிறன்” அவ்வளவுதான். அன்று அவர் அம்மாவிடம் கொடுக்கவில்லை. “எந்தப் பக்கம் வெடிச்சது? தகடு என்ன நிறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. அதோடு பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட பட்டியலில் ரோர்ச் பற்றறியும் இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவைச் சுற்றி, றேடியோ கேட்ட சனம் நாங்கள். இதை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள், பரவாயில்லை. அப்பாவின் ஏ40 மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைக் காட்டி எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். பகல் முழுதும் காரின் டைனமோ பற்றறியை நிரப்பும். பொழுதுபட்டதும் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுவருவார்.

அது பழைய மாதிரிப் பற்றறி, கறுத்த ரப்பர் பெட்டி, மேலே தார் பூசினது. அறைகளை இணைக்கிற ஈயக்கட்டிகள் வெளியே தெரியும். எங்கள் றேடியோ நாலு பற்றறி போடுவது, ஆறு வோல்ட். அப்பா மூன்றாவது அறையின் ஈயத்தில் ஒரு ஆணியை அடித்து, அதில் வயரைச் சுற்றிவிட்டிருந்தார். முனையிலிருந்து ஆணிவரை ஆறு வோல்ட், றேடியோவுக்கு. முழுதும் பன்னிரண்டு, கார் பார்க்கிங் பல்ப் ஒன்றுக்கு. அந்த ஐந்து வாற் வெளிச்சத்தில்தான் நான் நாலாம் வகுப்புப் படித்தேன். காய்ச்சி வடித்த தண்ணீர் எங்கே கிடைக்கும்? மழை தொடங்கி மூன்று நாள் போக, கூரைத்தண்ணி படாமல் முற்றத்து நடுவில் பீங்கான் கோப்பையை வைத்துப் பிடித்து, போத்தலில் அடைத்து வைப்பார். பற்றறியைச் சீமெந்து நிலத்தில் வைக்கவே விடமாட்டார், பலகையில்தான். சீமெந்து சார்ஜை இழுக்கும் என்பார். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன், சிரித்தார். இப்போதுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்கு நிலம் ஒன்றும் செய்யாது. ஆனால் தாரும் ரப்பரும் ஒழுகி ஈரம் பிடிக்கிற பழைய பெட்டிகளுக்கு அது பொய்யில்லை என்றார். அப்பாவின் பற்றறிக்கு அப்பா சொன்னது சரி.

1995 ஒக்ரோபர் முப்பது இரவு. அந்த இரவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் எழுதப்போவதில்லை. வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது, மழை பெய்தது. அந்தச் சனத்துக்குள் கார் அசையாது, மண்ணெண்ணெயும் இரண்டு போத்தல்தான். அப்பா காரை மாமரத்துக்குக் கீழே விட்டு, கிடுகால் மூடிவிட்டு, பற்றறியைக் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். அம்மாவின் தையல் மெசின் வீட்டில் நின்றது. என் புத்தகப் பெட்டியும் நின்றது. பற்றறி வந்தது. இதை நான் நெடுநாள் மறக்கவில்லை.

மீசாலையில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஐந்தரை மாதம் இருந்தோம். கார் இல்லை, ஆகவே பற்றறியைத் திரும்ப நிரப்ப வழியும் இல்லை. உள்ளே இருக்கிறதுதான் இருப்பு. அப்பா சொல்லிவிட்டார்: ஒருவரும் தொடக்கூடாது. ஊருக்குத் திரும்புவதா இல்லையா என்று செய்தி தெரியவேண்டிய ஒரு நாள் வரும், அன்றைக்குத் தமிழோசை கேட்கவேண்டும், அதற்கு வைத்திருக்கிறேன். தங்கச்சிக்கு அப்போது ஆறு வயது. இருட்டென்றால் பயம். அந்தத் தாழ்வாரத்துக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டில், இரவில் மாடு அசைந்தாலும் கத்துவாள். மண்ணெண்ணெய் விளக்கை எட்டு மணிக்கு அணைத்துவிடவேண்டும். “அப்பா, அந்தச் சின்ன லைற்றைப் போடுங்கோ” என்று அழுவாள். அப்பா போடவில்லை. ஒருநாள் அம்மாவே கெஞ்சினார். “அது முடிஞ்சா முடிஞ்சதுதான்” என்றார். தங்கச்சி அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி நித்திரையாவாள். சாக்கில் சுற்றின பற்றறி எங்கள் தலைமாட்டில் பலகையில் இருந்தது.

1996 ஏப்ரலில் திரும்புகிற செய்தி வந்தது. சனம் வாயால்தான் வந்தது, றேடியோவால் இல்லை. அப்பா வயரைச் சுற்றிப் பார்த்தார். றேடியோ கரகரக்கக்கூட இல்லை. இணுவிலுக்கு வந்தபோது மாமரத்துக்குக் கீழே காரும் இல்லை. பகலில் அப்பா பற்றறியின் மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பு பூசினதுபோல வெள்ளை. முதல் மூன்று அறையும் மற்றதைவிட மோசம்.

இத்தனை வருடமாக அப்பா நினைத்துக்கொண்டிருந்தது, யாரோ களவாகப் பாவித்துவிட்டார்கள் என்று. என்னைத்தான் சந்தேகப்பட்டார். முதல் மூன்று அறை என்றால் றேடியோதானே? ஒருமுறை வாய்விட்டும் கேட்டிருக்கிறார், எனக்குப் பதினேழு வயதில், வேறு ஏதோ சண்டையின் நடுவில். நான் தொடவில்லை. நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்றாவது குளிர்காலத்தில், கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு அவருக்குக் கணக்குச் சொன்னேன். அந்தப் பற்றறி நாற்பது அம்பியர்-மணி என்று வைப்போம். அந்தக் காலத் தகட்டில் அன்ரிமனி கலந்திருக்கும், தானாக வடிகிற குணம் அதற்கு அதிகம், பழசாகப் பழசாக இன்னும் அதிகம். எங்கள் ஊர் வெக்கையில் நாளுக்கு நூற்றில் ஒன்று என்றே வைத்தாலும், 0.4 அம்பியர்-மணி ஒவ்வொரு நாளும் சும்மா போகும். மூன்று நாலு மாதத்தில் வெறுமை. வெறுமையாகக் கிடந்தால் வெள்ளை பூக்கும். முதல் மூன்று அறை ஏன் முந்திச் செத்தது என்றால், இணுவிலில் ஐந்து வருடம் ஆணி அடித்து அதிலிருந்துதான் றேடியோ ஓடியது. அவை முதலே களைத்துப்போனவை. “ஒருத்தரும் தொடேல்ல அப்பா. அது தானாத்தான் போனது.”

மறுபக்கம் சத்தமில்லை. அவர் பென்சில் தேடுகிறார் என்று நினைத்தேன். உண்மையில் அதைத்தான் செய்தார்.

“அந்தச் சின்ன பல்ப் எவ்வளவு எடுக்கும்?” என்று கேட்டார்.

ஐந்து வாற், பன்னிரண்டு வோல்ட். மணிக்கு 0.4. அரை மணி நேரம் போட்டால் 0.2. தங்கச்சி நித்திரையாக அரை மணி போதும். பற்றறி தானாகக் கொட்டினதில் பாதி. போட்டிருந்தால் கொஞ்சம் முந்திச் செத்திருக்கும், போடாவிட்டாலும் செத்தது. ஏப்ரல்வரைக்கும் எப்படியும் வந்திருக்காது. நான் இதையெல்லாம் சொல்லவில்லை. “0.2 அப்பா, அரை மணிக்கு” என்று மட்டும் சொன்னேன். மிச்சக் கணக்கு அவருக்கே தெரியும். வாழ்நாள் முழுதும் பற்றறி பார்த்தவர்.

“அண்டைக்கு அவளுக்கு லைற்றைப் போட்டிருக்கலாம்” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. “அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது” என்று அவரே சொன்னார். பிறகு அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்தார். என்னைச் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவார் என்று நான் காத்திருந்தது உண்மை.

தங்கச்சி இப்போது பிரான்ஸில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். அந்தக் கிழமையே அவளுக்கு எடுத்து மீசாலைப் பற்றறி ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். “எந்தப் பற்றறி?” என்றாள். அவளுக்கு அங்கே இருந்த ஒரு நாய்க்குட்டியும், மழைக்குள் அம்மா தூக்கிக்கொண்டு நடந்ததும்தான் ஞாபகம். இருட்டுக்கு அழுதது ஞாபகமே இல்லை. இதை அப்பாவிடம் சொல்லலாமா என்று நிறைய யோசித்து, சொன்னேன். “அவள் மறந்தால் என்ன” என்றார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு நாளும் வோல்ட் கேட்கத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் அளப்போம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது வேலை முடிந்து போகும்போது ஏதாவது நாலைந்தை அளந்துவிட்டுத்தான் போவேன். மெக்கானிக் பார்த்துக்கொண்டு நிற்பார், ஒன்றும் கேட்கமாட்டார்.

நேற்று வெளியே -17. கொட்டகைக்குள் மூச்சு வெள்ளையாக நின்றது. முப்பத்தேழாம் இலக்கம், அந்த அம்மாவின் படகின் இரண்டாவது பற்றறி, 12.41 காட்டியது. மற்றதெல்லாம் நல்லது. அப்பாவிடம் சொன்னேன்.

“கொஞ்சம் இறங்கிப்போச்சே. சார்ஜ் போட்டாச்சோ?”

“போட்டாச்சு அப்பா.”

“நாளைக்கு ஆறவிட்டு அளந்துபோட்டுச் சொல்லு.”